ஆரஞ்சுத் தோலும் ரெண்டு பிடி சோடாவும்

என் அண்ணனின் சாயப்பட்டறையிலிருந்து வெளியேறும் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நிறம். அண்ணனுக்கு அதில் பெருமை வேறு. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குத்தான் அந்த ரசனை இல்லை. கழிவுநீர் தெளியாவிட்டால் வியாழக்கிழமை பட்டறையைப் பூட்டிவிடுவேன் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். பதினொரு பேர் பிழைப்பு அது. நானும் அதில் ஒருத்தி.

வேதியியல் படித்த பாவத்துக்கு நான்தான் வழி தேட வேண்டியிருந்தது. ஜூஸ் கடைகள் குப்பையில் கொட்டும் ஆரஞ்சுத் தோலை வாரி வந்து, கழுவி, காயவைத்து, அரைத்து, சாயத்தண்ணீரில் கலக்கினேன். மூன்று மணி நேரத்தில் சிவப்பெல்லாம் தூளில் ஏறிக்கொண்டது. அண்ணன் எட்டிப் பார்த்து, "இதத்தானே நான் அப்பவே சொன்னேன்" என்றான். அவன் அப்போது சொன்னது, "குப்பைய எதுக்குப் பட்டறைக்குத் தூக்கிட்டு வர்றே?"

புதன்கிழமையே ஒரு தொட்டியைத் தயார் செய்து வைத்தேன். அடியில் தூள், மேலே தெளிந்த தண்ணீர். வியாழக்கிழமை அதிகாரி வந்து மூடியைத் திறந்தால், ரத்தச் சிவப்பு.

"யாரு இதுல கை வெச்சது?" என்று கத்தினேன்.

சாய மாஸ்டர் முன்னால் வந்தார். முப்பது வருஷமாக, துணியில் சாயம் பிடிக்க ஒவ்வொரு தொட்டியிலும் சலவை சோடா போட்டே பழகிய கை.

"தண்ணி வெளுத்துக் கெடந்துச்சும்மா, மனசு கேக்கல. ரெண்டு பிடி சோடா போட்டுக் கலக்கிவிட்டேன். கலரு எப்படி எழும்பி வந்திருக்கு பாருங்க!"

சோடா பட்டதும், குடித்த சாயத்தையெல்லாம் தோல் கக்கிவிட்டிருந்தது. மாஸ்டரைத் தவிர யாருக்கும் அதில் சந்தோஷமில்லை.

நல்ல வேளை, அதிகாரி பொறுமைசாலி. இன்னொரு தொட்டியில் செய்து காட்டச் சொன்னார். மாஸ்டரை டீக்கடைக்கு விரட்டிவிட்டு மறுபடி கலக்கினேன். அவர் அங்கே ஏழு டீ குடித்தாராம். வடிகட்டிய தண்ணீரைப் பாட்டிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்த அதிகாரி, "பரவாயில்லையே!" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டறை நடக்கலாம் என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

"அது சரி, சாயம் ஏறின இந்தத் தூளையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"இதெல்லாம் ஒரு பிரச்சனையா சார்? பின்னாடிதான் ஆறு ஓடுதே, அதுல கொட்டிருவோம்."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, பையிலிருந்து பூட்டை எடுத்தார்.