ஆமென் சொல்லும் வரை

சினிமா எடுக்கிற எங்கள் தீவுப் பெண் மாசினா போன் செய்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. இருபது வருஷமாகக் கல்யாணம், சாவு, பள்ளி ஆண்டுவிழா என்று ஒலிப்பதிவு செய்துசெய்து, வீட்டில் ரேடியோ பாடினால்கூட எழுந்துபோய் அணைத்துவிடுகிற நிலையில் இருந்தேன்.

"லஃபாயேலே அண்ணே, நம்ம ஆளுங்களையே வெச்சு ஒரு படம் எடுக்கறேன். நம்ம சபையப் பத்தி," என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளிநாட்டுப் படங்களில் போதகர் என்றால் ஒன்று திருடன், இல்லை அற்புதம் செய்கிறவர். இவள் எந்தப் பக்கம் போனாலும் சண்டை வரும். சண்டை பிடிக்க எனக்குத் தெம்பு இல்லை.

"கதாநாயகி யாரு தெரியுமா? உங்க மதினி," என்றாள். அதற்கப்புறம் மறுக்க முடியவில்லை.

மதினி என்றால் ஃபுவாதினோ, என் மனைவியின் அக்கா. சவாயி தீவில் தனியாக இருக்கிறாள். அவள் புருஷன் மனாசே சர்க்கரை வியாதியில் போய் மூன்று வருஷம். காலில் புண் வந்தபோது போதகர் எலிசாலா வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தார். சபை முழுக்க இருபத்தொரு நாள் உபவாசம் இருக்கும், அது முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். போகவே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஊரில் இதை இன்றைக்கும் எல்லோரும் தவறாமல் சொல்வார்கள். இருபத்திரண்டாம் நாள் மனாசேயைக் கப்பலில் ஏற்றி தலைநகர் ஆபியாவுக்குக் கூட்டிப் போனவன் நான்தான். வழியெல்லாம் அந்த வாடை. காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் அவன் போய்விட்டான்.

அடக்க ஆராதனையில் போதகர் தேம்பித் தேம்பி அழுதார். அவ்வளவு அழுத மனிதரிடம் யார் என்ன கேட்பது? ஃபுவாதினோவும் கேட்கவில்லை. ஞாயிறு தவறாமல் வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, மூன்றாவது பெஞ்சு. என் மனைவியிடம் மட்டும் ஒருமுறை சொன்னாளாம்: "ஒரே ஒரு தடவ, அவரு ஜெபம் பண்றப்ப நான் எந்திரிச்சு வெளிய போவணும். அத அவரு பாக்கணும். வேற ஒன்னும் வேணாம் எனக்கு."

என் மனைவி வழியாக அது மாசினாவின் காதுக்குப் போயிருந்தது; அவள் கதையில் கடைசிக் காட்சி அதுதான். ஒரு விதவை, ஜெபத்தின் நடுவில் எழுந்து போகிறாள்.

அனுமதி கேட்க ஊர்த் தலைவர்கள் முன்னால் போய் உட்கார்ந்தோம். கதையைக் கேட்டுவிட்டு மூத்தவர் துலாஃபோனோ ரொம்ப நேரம் விசிறிக்கொண்டிருந்தார்.

"படத்துல போதகரு கெட்டவரா?"

"இல்லீங்க ஐயா. நல்லவரு," என்றாள் மாசினா. "அதான் சிக்கலே."

"நல்லவருன்னா அப்புறம் எதுக்குப் படம்?"

மாசினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த போதகர் எலிசாலாவே, "எடுத்துக்கட்டும். கர்த்தருடைய வீட்டப் பத்திக் கேள்வி கேட்டா வீடு இடிஞ்சா போயிரும்?" என்று ஒரு வியாழக்கிழமைக்குக் கோவிலைக் கொடுத்தார். மாலை ஜெப நேரத்துக்குள் காலி செய்துவிட வேண்டும் என்பது மட்டும் கட்டளை. விதவையின் கதை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தோன்றவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

படத்தில் போதகராக நடிக்க பெத்தேலோ வந்தான். பஸ் ஓட்டுகிறவன். நல்ல கனத்த குரல். சபையாக நடிக்க சபையே வந்தது. வியாழக்கிழமை காலையில் எண்பது பேர் வெள்ளை உடுப்பில் வந்து ஞாயிற்றுக்கிழமை உட்காருகிற அதே இடங்களில் உட்கார்ந்தார்கள்.

பெத்தேலோவுக்கு ஜெபம் ஆறு வரி எழுதிக் கொடுத்திருந்தாள் மாசினா. மூன்றாவது வரியில் ஃபுவாதினோ எழுந்திருக்க வேண்டும்.

பெத்தேலோ கண்ணை மூடினான். ஆறு வரியையும் சொன்னான். பிறகு நிறுத்தவில்லை. ஊர்த் தலைவர்களை மூப்பு வரிசையில் ஒவ்வொருவராகச் சொல்லி ஆசீர்வதித்தான். ஆக்லாந்தில் இருக்கிற பிள்ளைகள், நோயாளிகள், கர்ப்பிணிகள், கேமரா, ஜெனரேட்டர். நாலாவது நிமிஷம் மாசினா "கட்" என்றாள். ஒரு தலைகூட நிமிரவில்லை. மறுபடியும் கத்தினாள். பெத்தேலோ குரலைக் கொஞ்சம் உயர்த்தி அவளுக்காகவும் ஜெபித்தான். ஏழாவது நிமிஷம் ஆமென் வந்தது. எண்பது பேரும் ஆமென் என்று கண்ணைத் திறந்தார்கள். ஃபுவாதினோ உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"ஏண்ணே நிறுத்தல?" என்று மாசினா கேட்டாள்.

"பாதியில எப்படிம்மா நிறுத்தறது? பஸ்ஸா, பிரேக் போட?"

"அக்கா, நீங்க ஏன் எந்திரிக்கல?"

ஃபுவாதினோ விசிறியால் மடியில் தட்டிக்கொண்டிருந்தாள். "முடியலடி. ஜெபம் ஓடறப்ப யாரோ தோளப் புடிச்சு அமுக்கற மாதிரி இருக்கு. அம்பது வருசமா இப்படியே உக்காந்தாச்சு."

மத்தியானத்துக்குள் ஐந்து தடவை எடுத்தோம். ஐந்து முழு ஜெபங்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆசீர்வாதம் ஒரே நாளில் வாங்கியதில்லை. சாமைக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் தின்றுவிட்டுப் படுத்தால் போதும் என்று இருந்தது. மாசினா படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்தான் யோசனை சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"ஜெபமே வேணாம். பெத்தேலோ, ஒன் பஸ்ஸு நிக்கிற ஊரு பேரயெல்லாம் ஜெபம் மாதிரி இழுத்துச் சொல்லு. படத்துல குரல அப்புறம் மாத்திக்கலாம்."

அவன் கையை விரித்து, கண்ணை மூடி, குரல் நடுங்க ஆரம்பித்தான்: "சாலேலொலோங்கா... இவா... ஓ, லாலோமலாவா..."

எண்பது தலைகள் பழக்கத்தில் தாழ்ந்தன. ஃபுவாதினோ எழுந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவில் இருந்த நடைபாதைக்கு வந்துவிட்டாள். இரண்டு அடி வைத்தாள். "துவாசிவி... ஃபாங்கா... லானோ..." என்று அவன் தழுதழுத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பெத்தேலோ புவாபுவாவில் முடித்ததும் சபை ஒரே குரலாக ஆமென் என்றது.

துலாஃபோனோ கண்ணைத் திறந்து திகைத்தார். "டேய், லானோவுக்கெல்லாம் ஆமென் சொல்ல வெச்சுட்டியேடா. அவனுங்ககிட்ட போன வாரந்தான் ரக்பில தோத்தோம்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஃபுவாதினோ மட்டும் சீக்கிரமே நிறுத்திவிட்டாள். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, இது வேணாம். பஸ் ஸ்டாப்ப விட்டு எந்திரிச்சுப் போறதுக்கா நான் மூணு வருசம் உக்காந்திருந்தேன்?"

அதற்குள் செய்தி போதகர் வீட்டுக்குப் போய்விட்டது. எலிசாலா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். கோபப்பட்டாரா என்றால் இல்லை. ரொம்பச் சோர்ந்தவராகத் தெரிந்தார்.

"படத்துல என்ன வேணா கேளுங்க. ஆனா இந்தக் கூரைக்குக் கீழ பொய் ஜெபம் கூடாது. ஜெபம் வேணும்னா நான் பண்றேன். பெத்தேலோ வெறுமனே நிக்கட்டும். நான் ஓரமா நின்னு சொல்றேன்."

வேறு வழியில்லை. நேரமும் ஆகிக்கொண்டிருந்தது. கேமராவைப் பெத்தேலோவின் முதுகுக்குப் பின்னால் வைத்தாள் மாசினா. எலிசாலா தூண் ஓரமாக, கேமராவில் படாமல் நின்றார். நான் ஒலிவாங்கியை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணை மூடினார்.

அவர் ஜெபம் பெத்தேலோவின் ஜெபம் மாதிரி இல்லை. மெல்லப் பேசினார். ஊருக்காக, மழைக்காக, படம் எடுக்கிற பிள்ளைகளுக்காகக் கேட்டார். பிறகு, இந்தக் கதையில் வருகிற விதவையைப் போல நம் சபையிலும் விதவைகள் உண்டு என்று தொடங்கி, ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார். "உம்முடைய மகள் ஃபுவாதினோவை நினைத்தருளும். அவள் கணவன் மனாசேயை உம்முடைய வேளையில், உம்முடைய சித்தப்படி நீர் எடுத்துக்கொண்டீர்."

ஃபுவாதினோ எழுந்தாள்.

நான் வேலையில் இருந்ததால் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். மாசினாவும் அப்படித்தான். வேறு யாரும் பார்க்கவில்லை. அவள் நடைபாதையில் இறங்கி, அவசரம் இல்லாமல், இரண்டு பக்கமும் குனிந்திருந்த தொப்பிகளுக்கு நடுவில் நடந்து, பெரிய கதவைத் தாண்டி வெயிலில் போய்விட்டாள். போதகரின் கண் மூடியே இருந்தது. அவர் அடுத்த விதவையின் பெயருக்குப் போய்விட்டிருந்தார்.

ஆமென் என்றதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். "நல்லா வந்துச்சா?" என்று போதகர் மாசினாவைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். அழுதுகொண்டிருந்தாள். களைப்பு என்று நினைத்து அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மதினி ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு பாத்தாரா?"

"இல்ல மதினி. கண்ண மூடியிருந்தாரு."

"மூடியிருப்பாருன்னு எனக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கணும்," என்றாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "சரி விடு. நடிச்சதா இருந்துட்டுப் போவட்டும்."

இன்னொரு தடவை எடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்துப் படம் முடிந்தது. ஆபியாவில் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். இந்த மாசினா யார் சபையைக் கேள்வி கேட்க என்றார்கள். இவள் ஏன் இன்னும் காரமாகக் கேட்கவில்லை என்றும் சிலர் கேட்டார்கள். படம் எடுத்த ஊருக்குக் காட்டாமல் இருப்பது மரியாதை இல்லை என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் சபைக் கூடத்தில் ஜன்னல்களுக்குப் பாய் கட்டி இருட்டாக்கித் திரையிட்டோம். பெத்தேலோ வரும்போதெல்லாம் விசில். தங்கள் முகம் தெரிந்தபோதெல்லாம் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டார்கள். நான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன். மதினி கடைசி வரிசையில் இருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. திரையில் எலிசாலாவின் குரல் ஜெபத்தைத் தொடங்கியது.

கூடம் முழுக்கத் தலைகள் தாழ்ந்தன. குழந்தைகளின் தலையைத் தாய்மார் அமுக்கினார்கள். விசில் அடித்தவர்களும் கண்ணை மூடினார்கள். இதை நாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். மாசினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாத உழைப்பு திரையில் ஓடுகிறது, கூடமே கும்பிட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் முன்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. எலிசாலாவின் தலை. தன் குரலை வெளியே இருந்து கேட்பது யாருக்கும் கொஞ்சம் கூச்சம்தானே. ஜெபிக்கவும் முடியாமல், ஜெபிக்காமல் இருக்கவும் முடியாமல் அவர் திரையைப் பார்த்தார். "நீர் எடுத்துக்கொண்டீர்" என்று அவர் குரல் சொன்னது. திரையில் ஃபுவாதினோ எழுந்தாள்.

ஆமென் வந்தது. கண்ணைத் திறந்தவர்களுக்குத் திரையில் அவள் இடம் காலியாகத் தெரிந்தது. படமும் முடிந்தது.

"படம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் துலாஃபோனோ. "அந்தப் பொம்பள கடைசில எங்க போனா?"

"ஒன்னுக்குப் போயிருப்பா," என்றான் பெத்தேலோ. எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

எலிசாலா கடைசி வரிசைக்கு வந்தார். நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். விலகிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"ஃபுவாதினோ, அந்த எடத்துல எந்திரிக்கணும்னு மாசினா சொல்லிக்குடுத்தாளா?"

"எந்திரிக்கச் சொன்னா. எந்த எடம்னு சொல்லல."

"மனாசே பேரச் சொன்னதுக்கு அப்புறம் எந்திரிச்ச."

"பேரச் சொன்னதுக்கு இல்லீங்க ஐயா. கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னு சொன்னீங்களே, அதுக்கு. அவரு எடுக்கல. அந்த இருபத்தோரு நாளு எடுத்துச்சு."

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காத்திருங்கன்னு நான்தான் சொன்னேன்."

"ஆமா."

"நீயும் காத்திருந்த."

"ஆமா. எம்பங்குக்கு நான் தினம் அழறேன். உங்க பங்கு உங்ககிட்ட இருக்கட்டும். நான் சுமக்க மாட்டேன்."

அவள் எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, எனக்குத் தலையசைத்துவிட்டு வெளியே போனாள். இந்த முறை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசல் காலியான பிறகும் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "லஃபாயேலே, அந்தக் கடைசிக் காட்சிய இன்னொரு வாட்டிப் போடறியா?"

"போடறேன் ஐயா."

"என் சத்தம் வேணாம்."

சத்தத்தை முழுக்கக் குறைத்துப் போட்டேன். அவள் நடந்து போனாள். முடிந்த பிறகும் அவர் கண் திரையிலேயே இருந்தது. மறுபடியும் போட்டேன்.