உட்கார்ந்தே தீர வேண்டிய பாடம்

டொலிடோவில் நாங்கள் பழைய கார் விற்கும் கடையில் மேனேஜர் நாற்காலி காலியானது. ஆகஸ்ட் முடிவதற்குள் பட்டம் வாங்கினால் அது எங்கள் விற்பனையாளர் வெண்டல் ஸ்டக்கிக்கு. இல்லையென்றால் முதலாளியின் மருமகனுக்கு.

வெண்டல் வகுப்புக்குப் போகிற ஆள் இல்லை. தேர்வு எழுதித் தேறினால் பாடம் படித்ததாகவே கல்லூரி கணக்கில் ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்கெனவே மோப்பம் பிடித்து வைத்திருந்தார். உளவியல், சமூகவியல், கணக்கியல் என்று வருஷக்கணக்கில் எழுதித் தள்ளியாயிற்று. அமெரிக்க வரலாற்றை ஒரு ஹாட் டாக் தின்று முடிப்பதற்குள் படித்ததாகச் சொன்னார். பாஸாகிவிட்டதால் யாரும் மறுக்கவில்லை.

ஜூலையில் பட்டம் கேட்கப் போனார். துணைக்கு நானும் போனேன். கல்லூரி ஆலோசகர் லொரெட்டா ஹேவர்காம்ப் கணினியைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு, மிஸ்டர் ஸ்டக்கி. ஒண்ணுதான் பாக்கி. கல்லூரி வாழ்க்கைக்கு அறிமுகம்."

"பரீட்சை வைங்க மேடம், இப்பவே எழுதுறேன்."

"அதுக்குப் பரீட்சை கிடையாது. வந்து உட்காரணும். நான்தான் நடத்துறேன்."

"கல்லூரியையே முடிச்சவனுக்கு எதுக்கு அறிமுகம்?"

"நீங்க இன்னும் உள்ளயே வரலையே."

கோடைகால வகுப்பில் சேர்ந்தார். நூலகம் எங்கே இருக்கிறது, அறை நண்பனோடு சண்டை போடாமல் இருப்பது எப்படி என்றெல்லாம் கற்றுக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண், "எந்த வருஷம் சார்?" என்று கேட்டாள். "கடைசி மாசம்" என்றார்.

இறுதி வேலை, நான்கு வருடப் படிப்புத் திட்டம் எழுதுவது. 'சர்டிபிகேட் வாங்கிக் கிளம்புவது' என்று எழுதிக்கொடுத்தார். அன்று அவரை அழைத்துவரப் போயிருந்தேன்.

"நாலு வருஷம் கேட்டேன்" என்றார் லொரெட்டா.

"ஒரு வாரம்."

"ரெண்டு வருஷமாவது எழுதுங்க."

"ஒரு மாசம். இதுக்கு மேல கட்டாது மேடம்."

"ஒரு செமஸ்டர். ஒரு வகுப்புல பேரும் பதியணும். அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வெண்டல் எழுந்து கதவு வரை நடந்தார். விலை படியாதபோது கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். பின்னாலிருந்து கூப்பிடுவது எங்கள் வேலை. லொரெட்டா கூப்பிடவில்லை. வெண்டல் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

செவ்வாய் மாலை மட்பாண்ட வகுப்பில்தான் இடம் இருந்தது. பதிந்தார். பட்டம் வந்தது, நாற்காலியும் வந்தது. மருமகன் கார் கழுவுகிற பக்கம் போனார்.

இனி வகுப்புக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. கட்டிய ஃபீஸ் திரும்பி வராதே என்று போய்க்கொண்டிருக்கிறார். போன வாரம் தன் கையால் செய்த கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். காபி ஊற்றினால் ஒழுகும். விலைக்குக் கேட்டுப் பார்த்தேன். கொடுக்கவில்லை.