வக்கீல் காரின் கார்புரேட்டர்

செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வக்கீல் வாசலைத் தாண்டப் போனபோது அக்கா எழுந்து நின்றாள்.

"சார், அது உங்களோடது இல்ல. கீழ வைங்க."

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டியில் தம்பி கிடந்தான். தலைமாட்டில் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் அழாததைப் பார்த்து இரண்டு பெண்கள் கண்ஜாடை காட்டிக்கொண்டதும் அவளுக்குத் தெரியும். கோபம் தொண்டை வரை வந்து நிற்கும்போது அழுகை எந்த வழியாக வரும்?

நேற்றுக் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "என்ன கைங்க அது. அந்தக் கை பட்டா செத்த எஞ்சினும் எழுந்து உக்காருமே." கை, கை என்று காதில் விழுந்த ஒவ்வொரு முறையும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்தக் கை ஏழு வருஷமாக நடுங்கிக்கொண்டிருந்தது. டம்ளரைத் தூக்கினால் பாதித் தண்ணீர் சட்டையில் இருக்கும். சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுவாள். பழைய கார்களின் கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் பீய்ச்சுகிற ஜெட்டின் ஊசிமுனை நுழையாத ஓட்டையைச் சுத்தம் செய்து, திரும்பப் பூட்டுகிற வேலையை அந்தக் கை கனவில்கூடச் செய்திருக்காது. செய்தவள் அக்கா. புருஷனோடு ஒத்துப்போகாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள், பின்னறையில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து செய்தாள். வீட்டின் முன்பகுதியில் இருந்த பட்டறையில் தம்பி பேன்ட் பாக்கெட்டில் கைகளை விட்டுக்கொண்டு வந்தவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவான். அவனுக்குக் காது உண்டு, அதை இல்லையென்று அவள் சொல்லமாட்டாள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். காது அவனுடையது, கை இவளுடையது. பட்டறைப் பலகையில் அவன் பெயர் மட்டும் இருந்தது.

"இந்த ஒன்னு முடியட்டும்க்கா. யார் செஞ்சதுன்னு வக்கீல்கிட்ட நானே சொல்லிடறேன்," என்று போன மாதம் சொன்னான். டாக்டரின் கார் வந்தபோதும் இதையேதான் சொன்னான். அதற்கு முன்னால் வந்ததற்கும் இதுதான். கடைசியில் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டான், படுபாவி. பட்டறையை நாளைக்கே பூட்டிவிட்டுச் சாமான்களை மொத்தமாகத் தள்ளிவிடலாம் என்று தம்பி மகன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பூட்டு விழுந்துவிட்டால் ஏழு வருஷ வேலையும் செத்தவனுடையதாகவே ஆகிவிடும். பிறகு அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

தம்பி மகன் ஓடி வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்தே வருஷக்கணக்காகிறது.

"அத்தை, நீங்க உக்காருங்க. நான் பாத்துதான் எடுத்துக் குடுத்தேன்."

"எதைப் பாத்த?"

"மேஜையில ரெண்டு கார்புரேட்டர் இருந்துச்சு. ஒன்னு பழசா, மங்கலா இருந்துச்சு. இன்னொன்னு பளபளன்னு இருந்துச்சு, அதைத்தான் குடுத்தேன். நம்பரும் சார் சொன்ன நம்பர்தான்."

வக்கீல் சங்கடத்தோடு நின்றார். அவருடைய அப்பாவின் கார் அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் கண்காட்சி. பெட்ரோல் மூடி முதற்கொண்டு எது அசல், எது பிற்பாடு மாட்டியது என்று துருவிப் பார்க்கிற நடுவர்கள் வருவார்கள். "இந்த நேரத்துல வந்து கேக்கறது தப்புதான்," என்று அரை மணி நேரமாக அவரே நான்கு முறை சொல்லியிருந்தார்.

"நம்பரை யார் வேணும்னாலும் அடிக்கலாம் சார்," என்றாள் அக்கா. "நீங்க தகர டப்பாவுல மூணு கொண்டாந்தீங்க. ரெண்டுல ஒரே நம்பர். நானும் முதல்ல ஏமாந்து இதைத்தான் முழுசா சுத்தம் பண்ணேன். அப்புறம் அந்த மங்கலா இருக்கறதைக் கழுவும்போது, அடிப்பக்கத்துல பொடிசா ஒரு பித்தளை அடைப்பு தெரிஞ்சுது. உங்க கார் வந்த வருஷம் மட்டும் அங்க ஒரு துளை போட்டுட்டு, வேண்டாம்னு அடைச்சுட்டாங்க. அடுத்த வருஷத்துலேருந்து துளையே கிடையாது. பழைய சர்வீஸ் புத்தகத்துல படம் இருக்கு. மேல இருக்கற மங்கலும் கம்பெனியில பூசினதுதான். அதைத் தேய்ச்சா போச்சு."

வக்கீல் பொட்டலத்தைப் பிரித்து, திருகு போடாமல் வைத்திருந்த மூடியைத் தூக்கினார். அவர் முகம் தெளிந்தது.

"இல்லைம்மா, இதோ பாருங்க. உள்ள அவர் பேரோட முதல் எழுத்து இருக்கே. தான் செஞ்சதுல எல்லாம் இப்படிக் கீறி வெப்பேன்னு அவரே சொல்லியிருக்காரு."

"அந்த எழுத்தையும் நான்தான் கீறினேன். நல்லா பாருங்க, அதுல ஜெட்டே இல்ல. கழட்டி மத்ததுல போட்டுட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார். ஜெட் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"கூடமாட இருந்து நல்லா கவனிச்சிருக்கீங்க," என்றார் அன்பாக. "அவர்கிட்ட வேலை பாத்த யாருக்குமே இவ்வளவு தெரியாது."

அந்த அன்புதான் அவளை எரித்தது. திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி மனைவி வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இன்னைக்கு வேண்டாம். அவர் நல்ல பேரோட போகட்டும். அப்புறமா சொல்லிக்கலாம்."

"அப்புறம் அப்புறம்னுதான் அவனும் சொன்னான்."

"உங்க காலைப் பிடிச்சுக்கறேன் அண்ணி."

அக்கா கையை உதறிக்கொண்டாள். "சார், நீங்க என் தம்பிக்குக் கை குடுத்து எவ்வளவு வருஷமாச்சு? யோசிச்சுப் பாருங்க. ஒரு நட்டையாவது அவன் முறுக்கி நீங்க பாத்திருக்கீங்களா? காபி குடுத்தா வாங்கிக் குடிச்சிருக்கானா? அவனுக்குக் கை நடுங்கும் சார். ஏழு வருஷமா. இந்த வீட்டை விட்டுப் போன அத்தனை கார்புரேட்டரும் நான் செஞ்சது."

யாரோ குழந்தையின் வாயைப் பொத்தினார்கள். தம்பி மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். தம்பி மகன் அம்மாவைப் பார்த்தான். அவள் மறுத்து எதுவும் சொல்லவில்லை.

வக்கீல் பொட்டலத்தைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"அசல் கார்புரேட்டர்ல இன்னும் வேலை பாக்கி இருக்காம்மா?"

யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. இவளைப் பார்த்துக் கேட்டார். அதுவே பதிலாக இருந்தது.

"உள்ள பெட்ரோல்ல மிதக்கற ஃப்ளோட்டுக்கு மட்டம் வெச்சு மூடணும். பத்து நிமிஷ வேலை."

அவள் பின்னறைக்குப் போனாள். மங்கலான கார்புரேட்டரையும் திருகு டப்பாவையும் கொண்டுவந்து, கூடத்திலேயே, எல்லோரும் பார்க்கும்படி ஒரு ஸ்டூலில் வைத்தாள். அப்போது வாசலில் வண்டி வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அத்தை, வண்டி வந்தாச்சு. அப்பாவை எடுக்கணும்."

"இருக்கட்டும். ஏழு வருஷம் நான் காத்துக்கிட்டு இருந்தேன். அவன் பத்து நிமிஷம் காத்துக்கிட்டு இருக்கட்டும்."

அவள் மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, ஃப்ளோட்டுக்கும் மூடிக்கும் நடுவே அளவு பார்க்க டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதியை நுழைத்துப் பார்த்தாள். உரசியது. ஃப்ளோட்டின் பித்தளை நாக்கை மயிரிழை வளைத்தாள். மறுபடி நுழைத்தாள். இந்த முறை தட்டாமல் போய் வந்தது. அவள் விரல்கள் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அதை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

தம்பி மனைவி சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது குரல் அடைத்திருந்தது.

"அவர் எழுத்தைப் போட்டு மூடுங்க அண்ணி. கடைசியா ஒரு தடவை."

கீறுகிற ஊசி டப்பாவிலேயே இருந்தது. அக்கா அதை எடுத்து, மூடியின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, முனையை உலோகத்தின் மேல் வைத்தாள். தம்பியின் எழுத்து அவள் கைக்குத் தானாக வரும். தன்னுடைய எழுத்தை அவள் ஒரு நாளும் கீறியதில்லை. ஊசி அசையாமல் நின்றது. பிறகு அதை டப்பாவில் திரும்பப் போட்டாள்.

உள்ளே எதையும் எழுதாமல் மூடியை வைத்து, திருகுகளை ஒன்றுக்கு எதிராக ஒன்றாக மாற்றி மாற்றி முறுக்க ஆரம்பித்தாள். வெளியே வண்டிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.