சந்தனப் பிடியிட்ட மழிகத்தி

திருவிதாங்கூரும் கொச்சியும் ஓரரசாய் இணைந்த மறுயாண்டின் ஆவணித் திங்களில், ஒருநாள் மாலை, கதிரவன் மேலைக்கடல் நோக்கிச் சரிந்துகொண்டிருந்தான். பகலெல்லாம் பருகிய வெம்மையைக் கோட்டைமதிலின் கருங்கற்கள் மெல்ல உமிழ, நெடுங்கோபுரத்தின் நிழல் குளத்துநீரில் நீண்டு கிடந்தது. கிழக்கேகோட்டையின் இவ்வெழிலைப் பாடுவோர் பாடுக. படிப்போரே, அவ்வழி நடந்த அழகியநம்பியின் மூக்கிற்கு எட்டியது வேறு. பழவங்காடிப் பிள்ளையார்முன் சிதறிய தேங்காய்களின் நீர் கல்லிடுக்குகளில் தேங்கிப் புளித்துப் பசையாகி, ஈக்கள் மொய்க்க, நடப்போர் காலடியில் ஒட்டி இழுபட்டது. அவன் மேலாடையால் வாய்பொத்தி, பிறர் தோள் தன்தோளில் உரசாவண்ணம் ஒதுங்கி ஒதுங்கிச் சென்றான்.

முப்பத்துநான்கு அகவை கடந்த அவன் அலுவலகமொன்றில் எழுத்தன், நாஞ்சில்நாட்டு வேளாளன், மணமாகாதவன். பெண்ணின் தாய் வெற்றிலை மென்றாள் என்று ஓரிடத்தையும், தந்தை விரலைச் சுவைத்து உண்டார் என்று மற்றோரிடத்தையும் தானே தள்ளியவன். எனினும் சுசீந்திரத்துத் தேர்நாளில் மங்கலம் என்பாளைக் கண்டபின், ஒருவர் அருகே அமர்தலும் இன்பமாகக் கூடும் என்று வாழ்வில் முதன்முறையாக அவனுக்குத் தோன்றிற்று. அவள் தாய் சிவகாமியம்மாள் வெள்ளிக்கிழமை காலை அவனைக் காண நாகர்கோயிலிலிருந்து வருவதாயிருந்தது.

இடையூறு ஒன்றுண்டு. மூன்று கிழமைக்கு முன், நாவிதன் சிவதாணு, தோற்படை பிடித்த ஒருவரை மழித்து, செதில்கலந்த நுரையைத் தன் முன்கையில் துடைத்துவிட்டு, "அடுத்தது பிள்ளைவாள்தான், வாங்க" என்று அழைக்க, அழகியநம்பி குமட்டலோடு எழுந்தோடினான். அன்றுதொட்டு அவன் முகத்தைக் கத்தி தீண்டவில்லை.

"ஏலே நம்பி, வாறவங்க பாத்தா, மாப்பிள்ளை எங்கே, பண்டாரம்லா இருக்காருன்னு கேப்பாங்க" என்றாள் தமக்கை வடிவாம்பாள்.

ஆகவே தனக்கே உரிய கத்தியொன்று வேண்டுமெனத் துணிந்து, புதியதற்குப் பணம் எட்டாமையால், வித்துரா மலைத்தோட்டத்தைவிட்டுக் கப்பலேறிய வெள்ளையர் ஒருவரின் மழிகத்தியைச் சாலைக் கடைத்தெருவின் பழம்பொருள் குவியலில் அம்மாலை தேடியெடுத்தான். பிறர் அழுக்கினை அஞ்சி ஓடியவன் பிறர் அழுக்கினையே பொதிந்து வீட்டுக்குக் கொணர்ந்தான். அலகெங்கும் துரு, ஆறாப்புண்ணின் பொருக்கென உதிர்ந்தது. விரிசலுற்ற கொம்புப்பிடியைப் பிளந்தபோது, அதனுள் ஆண்டாண்டாய் இறுகிய சோப்புக்கறை, புழுவின் தோலை ஒத்து மஞ்சளித்து, தன்னுள் பொன்னிற மயிர்கள் மூன்றினைப் பற்றிக்கொண்டிருந்தது. அவன் கிணற்றடிக்கு ஓடி, உண்டதெல்லாம் கக்கினான்.

கக்கியபின்னும் விடவில்லை. மாட்டுக்கொம்பு தீட்டென்று எறிந்துவிட்டுச் சந்தனக்கட்டையில் புதுப்பிடி செதுக்கினான். மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் செங்கற்பொடியால் துருவினைத் தேய்த்தான். நீரிட்ட கல்லில் மூன்றுமாலை தீட்டினான். அலகு நிலவெனப் பொலிந்தது. ஆனால் மயிரைக் கொய்யவில்லை. கல்லில் தீட்டியதைத் தோல்வாரில் இழைத்தாலன்றி விளிம்பு கூர்மை பெறாது. தோலைத் தொடுவதோ அவனுக்கு ஆகாது. வேட்டித்துணியில் இழைத்தான், பாளையில் இழைத்தான், பயனில்லை. வியாழன்மாலை, வேறுவழியின்றி, சிவதாணுவின் கடைவாயிலில் நின்றான்.

அவ்விருவரும் ஏறத்தாழ ஒத்த அகவையர். சிவதாணு கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து நகைத்தான்.

"இது செரைக்கவா பிள்ளைவாள், இல்ல சாமிக்குச் சாத்தவா? கொள்ளாம், நல்ல வாசனை. வாருல நாலு தடவை போட்டாச் செரியாயிரும்."

"மாட்டுத்தோல் வேண்டாம்."

"அப்போ என் தோலு உண்டு. அது போதுமா?" என்று, காய்த்த தன் உள்ளங்கையில் அலகினை அப்படியும் இப்படியும் இழைக்கலானான். அழகியநம்பி முகந்திருப்பினான்.

"திரும்பாதீங்க. பத்து வருஷமா உங்க வேர்வையும் எச்சியும் இந்தக் கையிலதான். எனக்கு ஓக்காளம் வந்ததுண்டான்னு ஒரு நாளாவது கேட்டதுண்டா?" என்று இகழ்ச்சியின்றியே வினவி, விடைக்குக் காத்திராது, தன் முன்கை மயிரை ஒரே வீச்சில் மழித்துக் காட்டினான். "இனி இதுல சாம்பலு கீம்பலு போட்டுத் தேய்க்கப்படாது, கேட்டேளா? கத்தி வாய் மழுங்கிரும். அப்படியே செரைச்சாப் போதும்."

அப்படியே! அச்சொல்லே அவனை அச்சுறுத்திற்று. வீடு புகுந்ததும், அந்த உள்ளங்கையின் பிசுபிசுப்பு அலகில் ஊர்வதாக எண்ணி, சாம்பலிட்டு ஒருமுறை தேய்த்தான். மனம் ஆறவில்லை, மறுமுறை தேய்த்தான். கொதிநீர் ஊற்றி மூன்றாமுறையும் தேய்த்தபின்னரே அது தூயதாயிற்று என அமைதியுற்றான்.

மறுநாட்காலை, பல்லிளித்த அவ்விளிம்பு மயிரை அரியாது தோலைப் பற்றிற்று. காதடிமுதல் மோவாய்வரை சதையைக் கீறிற்று. படிகாரம் அழுத்தியும் குருதி கசிந்தவண்ணமிருந்தது. ஒருபுறம் தாடியும் ஒருபுறம் புண்ணுமாய் நின்றவனைக் கண்டு வடிவாம்பாள் தலையிலடித்துக்கொள்ளுமுன், வந்தோர் படியேறிவிட்டனர்.

அவன் மோர்ச்செம்பை ஏந்திச் சிவகாமியம்மாள்முன் குனிந்தான். குனிந்த தாடையினின்று ஒரு துளி நழுவி, மோரின் வெண்மையில் வீழ்ந்து, செந்நூலாய் விரிந்து மறைந்தது. அம்மையார் கையை மெல்லப் பின்னிழுத்தார்.

"இருக்கட்டும் தம்பி. நாங்க வழியிலேயே குடிச்சாச்சு. பஸ்ஸு போயிரும்... வரட்டுமா?"

மொழி இனிதாகவே இருந்தது. ஆயினும் சுருங்கிய மூக்கும், இறுகி வளைந்த உதடும், தொடாதிருக்க ஒடுங்கிய தோளும் வேறு பேசின. அம்முகக்குறிகளை அவன் கண்ணாடியில் ஒருநாளும் கண்டதில்லை எனினும், உள்ளிருந்து ஒவ்வொரு சுளிப்பையும் அறிந்திருந்தான். செம்போடு இரண்டடி பின்வாங்கி வழிவிட்டான். உலகின்மீது கூசியவனுக்கு உலகம் திருப்பியளிப்பது அக்கூச்சமேயன்றி வேறென்ன?

வண்டியின் ஓசை தேய்ந்து மறைந்தது. "அதக் கொண்டு கொல்லையில ஊத்துலே" என்றாள் வடிவாம்பாள், அழுகையினூடே. கொட்டுதற்குக் கையெழவில்லை. தன் குருதியன்றி அயலார் எவர் தீட்டும் கலவாத அச்செம்பை அவன் உதட்டளவும் உயர்த்தினான்; உயர்த்தியவன், அதனையும் பருகவொண்ணாது குமட்டி, ஏந்தியவாறே நின்றான்.