மாடு சொல்லாமல் விட்டது

எமர்ஜென்சி முடிந்த மறுவருடம், தை மாதத்தில், என் மச்சினன் அங்கப்பன் காப்பிக் கிளையால் என் வலது கண்ணில் அடித்தான். வேண்டுமென்று அடிக்கவில்லை. மாரமங்கலத்தில் எங்கள் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். உயரத்துக் கிளையை ஒருவர் கொக்கி போட்டு வளைத்துப் பிடிப்பார், எதிர்ப்பக்கம் நிற்பவர் பறிப்பார். அவன் பிடித்திருந்தான், நான் பறித்தேன். அவனை முசுறு எறும்பு கடித்தது. ஒரு கையால் சொறிந்திருக்கலாம். அவன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான், இரண்டு கையாலும் சொறிந்தான்.

மறுநாள் கருவிழியில் சோற்றுப் பருக்கை மாதிரி ஒரு வெள்ளை விழுந்திருந்தது. வலி தாங்கவில்லை. கண்ணைத் திறந்தால் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது.

"ஏனுங்க, ஏற்காட்டு ஆசுபத்திரிக்குப் போயிரலாமுங்க" என்றாள் என் மனைவி ஆராயி.

நான் அசையவில்லை. காரணம், வெள்ளக்கடை சிங்கராயர். அவர் கண்ணில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர். கெட்ட கண்ணை விட்டுவைத்தால் நல்ல கண்ணையும் கெடுத்துவிடும் என்று சொல்லி, அதை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் வைத்து அனுப்பினார்கள். அந்தக் கண் தூங்குவதில்லை. அவர் குறட்டை விட, அது மட்டும் நான் டம்ளரை எங்கே வைக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

அங்கப்பன் வழி சொன்னான். "மாமா, நம்ம செவலை மாட்டுக்குக் கொம்பு குத்துன கண்ணு எதுல ஆறுச்சு? ஊமத்தஞ் சாத்துலதானுங்க."

"அது மாடுடா."

"கண்ணு கண்ணுதானுங்க மாமா."

"அவரு பாதி மாடுதான், ஒத்துக்கறேன்" என்றாள் ஆராயி. "ஆனா ஊமத்தை விசம்டா. தின்னாப் பைத்தியம் புடிக்கும்."

"திங்கவா சொன்னேன் அக்கா?"

அவள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனதும் காரியம் நடந்தது. சாறு விழுந்த கொஞ்ச நேரத்தில், கண்ணுக்குள் யாரோ முறுக்கிக்கொண்டிருந்த கயிற்றைத் தளர்த்தியது போல் வலி குறைந்தது. அதோடு விட்டிருக்கலாம். கெட்ட கண் நல்ல கண்ணைக் கெடுக்கும் என்கிறார்களே, முன்கூட்டியே இடது கண்ணுக்கும் ஊற்றிவிடு என்றேன். அங்கப்பனுக்குத் தாராளமான கை. வலதுக்கும் மறுபடி ஊற்றினான்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சு உரலில் இடிப்பது மாதிரி அடித்தது. உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்தேன், ரேகை இல்லை. விரல்களும் ஒன்றோடொன்று கலந்து போயிருந்தன. இரண்டு கண்ணும் போய்விட்டது என்று நினைத்தேன். அப்படிப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்புறம் தெரிய ஆரம்பித்தது.

காப்பிச் செடிகள் மண்ணிலிருந்து காலை உருவிக்கொண்டு, சேர்வராயன் கோயில் பக்கம் வரிசையாக மலை ஏறின. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு கொக்கி. என்னைக் கடக்கும்போது ஒவ்வொன்றும் குனிந்து என் கண்ணைப் பார்த்தது. எது பழுத்திருக்கிறது என்று பார்க்கிற பார்வை. நான் கத்தினேன். ஆராயி ஓடி வந்தாள். அவள் சேலை இருந்தது, கொண்டை இருந்தது, முகம் இருக்கிற இடம் மட்டும் ஆற்றுக் கல் மாதிரி வழவழவென்று இருந்தது. அந்தக் கல்லிலிருந்து அவள் குரல் வந்தது: "ஏனுங்க, என்னாச்சுங்க?"

செவலை மாடும் இதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை.

ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பஸ்ஸில் நான் பழம் பறித்துக்கொண்டே போனேனாம். முன்சீட்டு ஆட்களின் தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பறித்து மடியில் போட்டிருக்கிறேன். ஒரு அம்மாளின் கம்மல் நிஜமாகவே கையோடு வந்துவிட்டது. நல்ல பழுத்த கம்மல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கலாவதி டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பாப்பா விரிந்தபடியே நின்றது, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை.

"தலையில அடிபட்டுச்சா?"

"இல்லீங்க" என்றான் அங்கப்பன்.

"கண்ணுல என்ன ஊத்துனீங்க?"

"தாய்ப்பாலுங்க."

"யாரோட பாலு?"

அவன் அக்காவைக் கைகாட்டினான். எங்கள் கடைசி மகளுக்கே அப்போது கல்யாணமாகியிருந்தது.

டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், உடனே சேலத்துக்கு அனுப்ப வேண்டும், வண்டி சொல்லுங்கள் என்றார். ஆராயி தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

"சேர்வராயன் மேல சத்தியமாச் சொல்லு. என்னத்தடா ஊத்துன?"

அவன் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துப் பொய் சொல்வான். எங்கள் மலையில் அந்தச் சாமி பேரில் மட்டும் யாரும் சொல்லமாட்டோம். "ஊமத்தஞ் சாறு" என்றான். "ரெண்டு கண்ணுலயுமுங்க."

 டாக்டர் கண்ணைக் கழுவச் சொன்னார். வண்டி வேண்டாம் என்றார்.

சில நாளில் காப்பிச் செடிகள் அவற்றின் இடத்துக்குப் போயின. இடது கண் தெளிந்தது. வலது கண் புண்ணுக்கு வேறு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் டாக்டர் ஒரு புதுப் பாட்டிலோடு வந்தார்.

"இது என்னங்க டாக்டரம்மா?"

"நீங்க ஊத்துனீங்களே, அந்தச் செடியில இருக்கிற மருந்துதான். உங்களுக்கு அன்னைக்கு வலி குறைஞ்சதும் இதாலதான். பாப்பா விரிஞ்சு இருக்கணும். இல்லைன்னா உள்ளே ஒட்டிக்கும், பார்வை போயிடும்."

நான் கட்டிலின் மறுகோடிக்கு நகர்ந்துவிட்டேன். "எனக்குக் கண்ணாடிக் கண்ணே போதுமுங்க."

"இது சுத்தமா, அளந்து வச்சது. நீங்க ஊத்துனதுல அளவு கிடையாது."

"அந்த அளவு அதுக்குத் தெரியுமுங்களா?"

"எனக்குத் தெரியும்."

ஆராயி கட்டிலில் ஏறி உட்கார்ந்து என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றி, புருவம், மூக்குத்தி, மேலுதட்டு மச்சம். இவ்வளவு வருடத்தில் அந்த மச்சத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை.

"இந்த மூஞ்சி மறுபடி அழிஞ்சு போச்சுன்னா?" என்றேன்.

"போனாத் திரும்பி வரும். போன தடவை வரலீங்களா? கண்ணைத் தொறங்க."

சொட்டு விழுந்தது. நான் இடது கண்ணை மூடிக்கொண்டு, புண்ணுக் கண்ணால் அவள் முகத்தையே பார்த்தபடி, அது கல்லாக மாறுவதற்காகக் காத்துக்கிடந்தேன். ஓரங்கள் புகைந்தன. புருவம் மங்கியது. அவள் முந்தானையை முறுக்கிப் பிடித்தேன்.

"என்ன தெரியுது?" என்றார் டாக்டர்.

"மூக்குத் தெரியுதுங்க. வாயி தெரியுது. கோவமா இருக்கறா."

"கோவமில்லீங்க" என்றாள் ஆராயி.

என் தலை ஆடிக்கொண்டிருந்தது. என் நடுக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் மடிதான் நடுங்கியது.

மருந்தை நிறுத்தும்வரை ஒவ்வொரு சொட்டுக்கும் அவள் என் முன்னால் உட்கார்ந்து முகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. பறிக்க ஆளில்லாமல் அந்த வருடம் எங்கள் காப்பிப் பழத்தில் பாதியைக் குரங்கு தின்றது. கண் மிஞ்சியது.