அக்லி பார்த்த திசை

இரண்டாம் உலகப் போரின்போது, இத்தாலி மலைச்சரிவில், மே மாதக் காலையில், சண்டையில் இறந்த எங்கள் அல்ஜீரியக் காலாட்படைச் சிப்பாய் அக்லிக்குக் குழி தோண்டி முடித்தோம். பாறை நிலம் என்பதால் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். உடலை இறக்கப்போகும்போது கார்ப்பரல் லார்பி தடுத்தார்.

"குழி தப்பா இருக்குடா. முகம் மக்காவப் பார்க்கணும்ல. நம்ம ஊர்ல அது கிழக்கே, அந்தப் பழக்கத்துல சூரியன் வர்ற பக்கம் பார்த்து வெட்டிட்டோம். கடல் தாண்டி வடக்கே வந்துட்டோமே. இங்கேருந்து மக்கா தென்கிழக்குல இருக்கு."

"அல்லாஹ்வுக்கு எல்லாத் திசையும் ஒண்ணுதாண்ணே," என்றான் என்னோடு தோண்டிய சயீத். "நம்ம கோவேறு கழுதைகூட உங்கள மாதிரி அடம்பிடிக்காது."

"அவன் மன்னிப்பான். அதுக்காக நாம அரைகுறையா செய்யலாமா? நீ உக்காரு, நான் வெட்டுறேன்."

லார்பி கடப்பாரையை எடுத்தார். அதற்குள் பிரெஞ்சு சார்ஜெண்ட் பெரான் வந்து, உடனே கிளம்ப வேண்டும் என்றார்.

"நீங்க முன்னால போங்க சார். இவனைச் சரியா படுக்க வச்சுட்டு ஓடி வந்துடுறேன்," என்றார் லார்பி. கை நிற்கவில்லை.

சார்ஜெண்ட் சிறிது நேரம் குழியைப் பார்த்தார். பிறகு எங்கள் சுமைகளோடு வரிசையாக நின்ற கோவேறு கழுதைகளில் முதலாவதிடம் போய், இறுக்கமாகவே இருந்த கயிற்றைத் தாமே அவிழ்த்தார். மூட்டைகள் சரிந்தன.

"சுமை சரியில்ல. எல்லாத்தையும் இறக்கித் திரும்பக் கட்டுங்க. மெதுவா கட்டுங்க."

அந்தப் பொய்யை இறைவன் தர்மக் கணக்கில்தான் எழுதியிருப்பான் என்று நம்புகிறேன்.

சயீத் முணுமுணுத்துக்கொண்டே மண்வெட்டியோடு குழியில் இறங்கினான். நானும் இறங்கினேன். கடைசிக் கழுதைக்குக் கயிறு கட்டி முடிந்தபோது, அக்லி வலப்பக்கம் சாய்ந்து மக்காவைப் பார்த்துப் படுத்திருந்தான்.