குறுக்கே மூன்று புள்ளி

"ரெண்டும் ஒரே எழுத்துதாம்மா. எழுதுறவங்க கை போன போக்கு, அவ்வளவுதான்," என்றார் தலைநகரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் மெஸியான். எங்கள் எழுத்துகளுக்குக் கணினியில் இடம் கேட்டு அனுப்பவிருந்த பட்டியலில் ஒரு கட்டத்தின் மேல் கோடு இழுத்தார். அடிபட்டது என் அம்மா பெயரின் முதல் எழுத்து.

மூன்று புள்ளியைச் செங்குத்தாக வைத்தால் என் அம்மா கைஷாவின் 'க', தொண்டையில் தண்ணீர் கொப்பளிக்கிற ஒலி. படுக்கையாக வைத்தால் தாத்தா கஸெமின் 'க', தொண்டைக்குள்ளேயே வெடிக்கிற ஒலி. எங்கள் பாலைவன ஊரான தமன்ராசெட்டில் ஆடு மேய்க்கிறவளுக்கும் தெரிந்த இதற்கு அவருக்குச் சான்று வேண்டுமாம். ஒரே கை, ஒரே வரியில், இரண்டு வடிவத்தையும் இரண்டு ஒலிக்கு எழுதியிருக்க வேண்டும். காட்டினால் தனித்தனி இடம், இல்லையென்றால் இரண்டுக்கும் ஒன்றே. மேசையில் நாற்பது பாறை எழுத்துப் படங்கள் கிடந்தன. ஒன்றில்கூட இரண்டும் சேர்ந்து இல்லை. பகல் ஒரு மணிக்குப் பட்டியல் போய்விடும்.

போன வருடம் நான் பட்டம் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அம்மா பெயருக்கு வந்த அழைப்பிதழை இவருடைய சோதனை எழுத்துருவில் அடித்திருந்தார்கள். அதில் இருந்தது படுத்த 'க' மட்டும்தான். பள்ளிக்கூடப் படியே ஏறாமல், தன் தாயிடம் எழுத்துக் கற்ற என் அம்மா அதை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "வேற யாரோ ஒருத்தி பேரு. தவறி வந்திருச்சு, பாவம்," என்று பத்திரமாக எடுத்து வைத்தாள், உரியவள் கேட்டு வந்தால் கொடுக்க. விழாவில் என் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

பேராசிரியர் பேனாவை மூடப்போனபோதுதான் பொறி தட்டியது. ஜன்னலுக்கு ஓடினேன். வெளியே பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்றார் பீஸ்கா மாமா.

"மாமா, அம்மாவோட தண்ணி கேன் வண்டியிலயா இருக்கு?"

"இருக்கு. ஏன், அந்தாளுக்குத் தாகமா? இல்ல, தலையில ஊத்தணுமா?"

"ரெண்டும்!"

இருபது லிட்டரையும் தரதரவென்று இழுத்து வந்து மேசைக்கு முன் நிறுத்தினேன். கிணற்றடியில் யாரும் மாற்றி எடுத்துப் போகக் கூடாதென்று அம்மா சிவப்புப் பெயின்டில் மேலிருந்து கீழாக எழுதியிருந்தாள்: கைஷா, கஸெம் மகள்.

மெஸியான் குனிந்து பார்த்தார். சிரித்துவிட்டார்.

"உன் வாயாலேயே கெட்டே, ஃபெத்தா. உன் அம்மா எழுத்து நிக்கணும்னு சொன்னே, இங்க அது படுத்திருக்கு. படுக்கணும்னது நிக்குது. நான் என்ன சொன்னேன்? நிக்கிறதுக்கும் படுக்கிறதுக்கும் அர்த்தமே இல்ல."

காதெல்லாம் எரிந்தது. கேனை ஓர் உதை விட்டேன். தொம்மென்று சாய்ந்தது, மூடி கசிந்து தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடியது. உருண்டு நின்ற கேனைப் பார்த்தேன். அம்மாவின் எழுத்து இப்போது நின்றுகொண்டிருந்தது. கஸெமின் எழுத்து படுத்திருந்தது.

"வரியைப் பாருங்க!" நான் கத்தியதில் மாமா வாசலுக்கே வந்துவிட்டார். "நிக்கிறதும் இல்ல, படுக்கிறதும் இல்ல பேராசிரியரே! அம்மாவோட எழுத்து வரிக்குக் குறுக்கே நிக்குது, வழிமறிச்ச ஆடு மாதிரி. கஸெமோடது வரிகூடவே நடக்குது. கேனை எப்படி உருட்டினாலும் ரெண்டும் ஒன்னாகாது. ஒரே கை. ஒரே வரி. போதுமா சான்று?"

"இதை எழுதினவங்க படிச்சவங்களா?"

"இல்ல. அதான் சரியா எழுதியிருக்கா."

மாமா வாயைப் பொத்திக்கொண்டார். மெஸியான் சிரிக்கவில்லை. தரையில் மண்டியிட்டு, கேனைத் தூக்கி நிறுத்தினார். சாய்த்தார். மறுபடி நிறுத்தினார். கால்சட்டை முழங்காலில் நனைந்ததை அவர் கவனிக்கவே இல்லை. பிறகு விரலை ஈரத்தில் தோய்த்து, காய்ந்த சிமெண்டில் ஒரு நீளக் கோடு இழுத்தார். கோட்டுக்குக் குறுக்கே மூன்று புள்ளி, கோட்டை ஒட்டி, அதன் போக்கிலேயே மூன்று புள்ளி. எழுந்து, சுற்றிப்போய் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். மேசையில் மூடாத பேனா பட்டியலின் மேல் கிடந்தது. ஒரு மணிக்கு இன்னும் ஏழு நிமிடம்.

வாசல் வெயில் தரையை எட்டியது. முதலில் காய்ந்தவை குறுக்கே நின்ற மூன்று. மெஸியான் மீண்டும் மண்டியிட்டு, விரலை நனைத்து, அந்த மூன்றையும் அதே இடத்தில் மறுபடி வைத்தார்.